அக்காவுக்குப் பக்கத்து இடம்

கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் என்னை வீட்டில் விட்டுவிட்டுத் தன் அக்காவோடு அக்கரையில் எர்ணாகுளத்துக்குப் பந்துகளி, அதாவது ஃபுட்பால், பார்க்கப் போனார்.

"சாயங்காலம் வந்துடுவோம். கதவைச் சாத்திக்கோ" என்றார்.

அக்கா செருப்பு மாட்டிக்கொண்டே, "அவளையும் அழைச்சிண்டு வாயேண்டா" என்றாள்.

"அவளுக்கு என்ன தெரியும் அக்கா? வெயில்ல உக்காந்தா தலைவலிதான் வரும்."

எனக்குத் தலைவலி வந்ததே கிடையாது. அது அவருக்குத் தெரியாது. அக்காவுக்கு மோர் பிடிக்காது, இடது தோள் குளிர்காலத்தில் வலிக்கும், படகில் வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கிடங்குகள் பூட்டிக் கிடந்த பஜார் வீதியில், நிறுத்தி வைத்த கைவண்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் படகுத் துறையைப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே ஒரே சமயத்தில் ஒதுங்கினார்கள், ஒரே சமயத்தில் வேகமெடுத்தார்கள். அவர்கள் வளைவு திரும்பும்வரை நான் நகரவில்லை. அந்த ஜன்னலில் அதன் பிறகு பல வருஷம் அப்படி நின்றேன்.

என் புகுந்த வீட்டுக்காரர்கள் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து, தாத்தா காலத்தில், மிளகு சுக்கு வியாபாரிகளிடம் கணக்கெழுத வந்தவர்கள். மாமியாரும் மாமனாரும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது இவரும் அக்காவும்தான். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கும். ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று கல்யாணம் நடக்கவில்லை. எர்ணாகுளத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். உயரம், கறுப்பு, அகலமான கை, அந்தக் கையில் ஆண்பிள்ளைக் கடிகாரம். நான் வரும்போது கல்யாணமாகாத நாத்தனார் என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டு வந்தேன். மூலையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவாள், நான் பெரிய மனதோடு நடந்துகொள்வேன் என்று நினைத்திருந்தேன். அவள் பெருமூச்சே விடவில்லை. அவள் பரிதாபமாக இருந்திருந்தால் நான் எவ்வளவோ நல்லவளாக இருந்திருப்பேன்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. அதைக் குணம் என்று சொல்வதா, வரம் என்று சொல்வதா தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர்களாகவும் அழகாகவும் ஆகிவிடுவார்கள். அவள் எதுவும் செய்யமாட்டாள். நம் பக்கம் திரும்பி ஒன்று கேட்பாள். நாம் சொல்லும் பதிலை, இதுவரை யாருமே சொல்லாத சங்கதி மாதிரி கேட்டுக்கொள்வாள். அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு அடுத்த நாற்காலிக்குப் பெண்களுக்குள் சண்டை வரும் என்று கேள்விப்பட்டேன். டாக்டர் வீட்டில் வரிசையில் காத்திருக்கும்போது, பக்கத்தில் கிடைத்த கிழவியிடம் ஏதோ கேட்டாள். அந்தக் கிழவி தன் இருமலை மறந்துவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னாள். முறை வந்தும் எழுந்து போக மனசில்லை அவளுக்கு.

என் கணவர் என்னிடம் பேசியதெல்லாம் "உப்பு கொஞ்சம்", "சட்டை காஞ்சுடுத்தா" இவ்வளவுதான். அவர் சுபாவமே அப்படி என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு வாய் இருப்பது தெரிந்தது. ரெஃபரி மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டினார். கோவாக்காரக் கோலி, அதாவது கோல்கீப்பர், தரையில் விழுந்து எழுந்து முழங்காலைத் தட்டுவதை, உட்கார்ந்த இடத்திலேயே நடித்தார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், "லெஃப்ட் பேக்". அவ்வளவுதான், இரண்டு பேரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் கையில் ரசக் கரண்டியோடு நின்றேன். லெஃப்ட் பேக் என்ன செய்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது.

நானும் முயற்சி செய்தேன். திங்கட்கிழமைகளில் மலையாளப் பேப்பரின் கடைசிப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் துணிந்து, "நேத்திக்கு கோலி நன்னா பந்து போட்டானாமே?" என்று கேட்டேன்.

இவர் தலை நிமிர்ந்தார். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. "கோலி எங்கேயாவது பந்து போடுவானா..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அக்கா, "இருடா, அவ சரியாத்தான் சொல்றா" என்றாள். "அவன் கையால தூக்கிப் போட்டானே ஒரு பந்து, அங்கேருந்துதானே அந்த கோலே வந்தது? நீ அதைக் கவனிச்சயா? நான் கவனிக்கலை." என் பக்கம் திரும்பி, "வேற என்ன போட்டிருக்கான் பேப்பர்ல?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். உளறாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், என் கணவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என்னை இல்லை, அக்காவை. என் மானத்தைக் காப்பாற்றிய புண்ணியமும் அவள் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் எர்ணாகுளத்துக் காலேஜ் மைதானத்தில் பெரிய போட்டி வந்தால் தற்காலிகமாகக் காலரி கட்டுவார்கள். கமுகு மரத்தடிகளை நட்டு, கயிற்றால் இறுக்கி, மேலே மேலே பலகை போடுவார்கள். மைதானத்தைச் சுற்றி ஓலைத் தட்டி. கல்கத்தா டீம், பஞ்சாப் டீம், கோவா டீம் எல்லாம் வரும். சனிக்கிழமையே மட்டாஞ்சேரி முழுக்க அதே பேச்சாக இருக்கும். மதியப் படகில் நிற்க இடமிருக்காது. பெண்கள் போனால் நாற்காலி வரிசையில் உட்காருவார்கள். அதுவும் ஆபீசர்களின் மனைவிமார்தான் போவார்கள். அக்கா காலரியில்தான் உட்காருவாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கத்த முடியாதாம்.

ஒரு ஞாயிறு மழை வரும் போல மூடிக்கொண்டிருந்தது. மாடியில் காய்ந்த துணியை அரைவாசி எடுத்திருப்பேன், கீழே வீதியில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். "காலரி பொளிஞ்ஞு வீணு! எறணாகுளத்து காலரி வீணு!" காலரி விழுந்துவிட்டது. துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். கதவைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில்லை.

துறையில் கூட்டமான கூட்டம். ஒரு படகு வந்தது. அதில் சட்டை கிழிந்தவர்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நொண்டியவர்கள். இவர் இல்லை. ஒருத்தனைப் பிடித்து நிறுத்தி, உயரமாக ஒரு பெண், கூட ஒரு ஆள், பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஆர்க்கறியாம் சேச்சி", யாருக்குத் தெரியும் என்று கையை உதறிவிட்டுப் போனான். அடுத்த படகு வருவதற்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுவிட்டேன். நான் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற ஒரு முஸ்லிம் உம்மா பார்த்து, என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

இரண்டாவது படகில் வந்தார்கள். இவருடைய இடது கை, அக்காவின் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிய தூளியில் தொங்கியது. அக்காவின் நெற்றியில் ரத்தம் காய்ந்து, புருவத்தில் ஒட்டியிருந்தது. படகு கரையைத் தொடும்போது அவர்கள் குரல் கேட்டது.

"அந்த கோல் செல்லும்டா. காலரி விழறதுக்கு முன்னாடியே பந்து உள்ளே போயாச்சு."

"ரெஃபரி விசில் ஊதினாரா? ஊதலையே!"

"மனுஷன் எப்படி ஊதுவார்? நம்ம எல்லாரும் ஒரேயடியாக் காணாமப் போனதைன்னா பாத்துண்டு நின்னார்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

"நான் ஒருத்தி இங்கே செத்துண்டிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் கோலா?" என்று கத்தினேன். துறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா படகிலிருந்து குதித்து வந்து என் தோளைப் பிடித்தாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"இனிமே அவர் வரமாட்டார். நீங்க போறதானா போங்கோ. அவரை விட்டுடுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தாள். பலகைக்குள் மாட்டிக்கொண்ட அவன் கையை இழுத்து எடுத்தது நான்தான் என்றோ, உன் புருஷன் என்ன சின்னக் குழந்தையா என்றோ சொல்லியிருக்கலாம். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லை மாத்திரம் சொல்லிவிட்டுத் தம்பியின் பையை என்னிடம் கொடுத்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இவர் நான் சொன்னபடியே நடந்தார். கை கூடின பிறகும் ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்தார். அக்கா தனியாகப் போனாள், புதிதாகக் கட்டிய காலரிக்கு. ஆனால் சாயங்காலம் படகு வரும் நேரத்துக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "அக்காவை அழைச்சிண்டு வரேன்." துறையிலிருந்து வீட்டுக்கு எட்டி நடந்தால் வந்துவிடலாம். அவர்கள் சுற்றிக்கொண்டு வருவார்கள். நான் ஜன்னலில் நிற்பேன். அக்கா கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவாள். இவர் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பார். வளைவில் வந்ததும் தெருவில் இல்லாத ஒரு பந்தை ஓங்கி உதைப்பார். மைதானத்துக்குப் போய் வந்த காலத்தில் சாப்பாட்டோடு முடிந்த பேச்சு இப்போது படுக்கும் நேரம் வரைக்கும் நீண்டது. போகாதவருக்குக் கேட்க நிறைய இருந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"இந்த ஞாயித்துக்கெழமை நான் வரேன் அக்கா."

"வாயேன்" என்றாள். என்ன, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. இவர்தான் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

காலரியில் ஏறுவதே கஷ்டமாக இருந்தது. பலகை இடுக்கு வழியாகக் கீழே யாருடையதோ செருப்பு, குடை எல்லாம் தெரிந்தது. மேலே வழக்கமாக வருகிற கூட்டம். வைப்பின் தீவிலிருந்து வரும் ஒரு மீன்காரச் சேட்டன், பெரிய மீசைக்காரர், எங்களைக் கண்டதும் "சேச்சீ! அனியன் எவிடே?" என்று தம்பியைக் கேட்டார். "அனியன்றே பார்யயாணு", தம்பி பெண்டாட்டி என்று அக்கா என்னைக் காட்டினாள். அவர் உடனே நகர்ந்து துண்டால் பலகையைத் துடைத்துவிட்டு, கப்பலண்டிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். கொச்சியில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்.

இது கார்னர், இது ஆஃப்சைடு என்று பாடம் எடுப்பாள், எரிச்சல்பட்டுக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பி, "அந்த ஒம்பதாம் நம்பர்காரனைப் பாத்தா உனக்கு என்ன தோணறது?" என்று கேட்டாள்.

பார்த்தேன். "எடது காலை ஊனவே மாட்டேங்கறானே. வலி இருக்கும் போல. மறைக்கறான்."

"அட!" அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி, "சேட்டா, கேட்டோ! ஒம்பதாம் நம்பரின்றே காலு போயி. இவள் கண்டுபிடிச்சதா!" என்றாள். ஹாஃப் டைமுக்குப் பிறகு அந்த ஒன்பதாம் நம்பர் வரவில்லை. மீசைக்காரர் எனக்கு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு போட்டார். பின்வரிசையிலிருந்து, "சேச்சி, ஜெயிக்கறது யாருன்னும் பறயு" என்று யாரோ தமிழும் மலையாளமுமாகக் கேட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் கேரளத்துப் பையன் ஒருத்தன் மூலைக் கொடி பக்கத்திலிருந்து வளைத்து அடித்தான். பந்து எல்லாத் தலைக்கும் மேலே போய் வலையில் விழுந்ததும் ஒரு சத்தம் கேட்டது. அது என் தொண்டையிலிருந்து வந்த சத்தம். பிறந்த வீட்டில் என் குரல் சமையலறைக்கு வெளியே கேட்கக்கூடாது. அக்கா என் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தாள். பலகை ஆடியது. விழுந்தால் விழட்டும் என்று இருந்தது.

திரும்பி வந்து இலை போட்டேன். அன்று பேசினது நான்தான். இவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். ஒன்பதாம் நம்பர் கதையைச் சொல்லி முடித்தபோது பிசைந்த சோற்றைப் பார்த்தபடியே, "அக்காவே உன்கிட்டக் கேட்டாளா?" என்றார்.

"ஆமாம்."

"என்கிட்ட இப்படியெல்லாம் கேட்டதில்லை."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நான் இன்னொரு கரண்டி ரசம் விட்டேன். என்னைக் கண்டு ஒருவர் பொறாமைப்படுவது எவ்வளவு இனிப்பு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அவரும் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. அதன்பின் மூன்று நான்கு வருஷம் மூன்று பேருமாகப் போனோம். அக்கா எப்போதும் நடுவில். அவள் இவர் பக்கம் திரும்பினால் எனக்கு அவள் முதுகு. என் பக்கம் திரும்பினால் இவர் எட்டி எட்டிப் பார்ப்பார். "ரெண்டு பேரும் என் கையை விடுங்கோடா, கடலை உரிக்கணும்" என்பாள். ஒரு தடவை நான் முந்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். ஆட்டம் முழுக்க என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு அவளுக்கு சூப்பர்வைசராகப் பிரமோஷன் வந்தது. கோழிக்கோட்டுக்கு மாற்றல். இவர் யார் யாரையோ பார்த்து நிறுத்தப் பார்த்தார். அக்காவே, "கோழிக்கோட்டுல நம்ம ஊரை விட நன்னாப் பந்து களிப்பாடா" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாள். ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, படகில் வலப்பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன். வீடு இனி என்னுடையது, ஆள் என்னுடையவர் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சீசனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். மீசைக்காரர் எங்களுக்குப் பின்னால் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. "சேச்சி?" என்று கேட்டார். கோழிக்கோடு என்றதும், "அய்யோ" என்று உட்கார்ந்துவிட்டார். பின்வரிசை கேட்டது, கடலைக்காரன் கேட்டான், கீழே டிக்கெட் கிழிக்கிறவன்கூடக் கேட்டான். ஊரில் இருக்கும்போது ஒரு ஆளாக இருந்தவள், போன பிறகு காலரி முழுக்க இருந்தாள். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தோம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை நான், "அந்த ஏழாம் நம்பரைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணறது?" என்று கேட்டேன். "என்ன தோணும்? ஓடறான்" என்றார். நாலைந்து தடவை போனோம். அப்புறம் தெருவில் டி.வி. வந்தது. போவது நின்றுபோயிற்று.

அக்கா கடிதம் போடுகிற ரகமில்லை. கைக்கெட்டின போனில் எப்போதாவது இவருடைய ஆபீசுக்குப் பேசுவாள். வீட்டுக்கு வந்து, "அக்கா கூப்பிட்டா" என்று மட்டும் சொல்வார். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவேண்டும். என்னைப் பற்றிக் கேட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வராது.

எண்பதுகளின் நடுவில் கோழிக்கோட்டில் ஒரு உறவுக் கல்யாணம். அதற்குள் பிறந்து வளர்ந்திருந்த எங்கள் பெண்ணைக் கல்யாண வீட்டில் விட்டுவிட்டு, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று அக்கா இருந்த வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "இன்னு களியில்லே? ஸ்டேடியத்தில் நோக்கணும்" என்றார், இன்று மேட்ச், அங்கே போய்ப் பாருங்கள் என்று.

நாங்கள் உள்ளே போகும்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. இது சிமெண்ட் படிக்கட்டு. காலடியில் எதுவும் ஆடவில்லை. ஆயிரம் தலைக்கு நடுவில் அந்தத் தலையை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், இவர் இல்லை. எங்களுக்கு ஏழெட்டுப் படி கீழே. முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. அதே கடிகாரக் கை காற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண். இருபது இருபத்திரண்டு இருக்கும், எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்தவளாக இருக்கலாம். அக்கா அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். அந்தப் பெண் யோசித்து, மைதானத்தைக் காட்டி, பதில் சொன்னாள். அக்கா எழுந்து நின்றாள். சுற்றியிருந்தவர்களிடம் கையை வீசி அதை அறிவித்தாள். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் பக்கத்தில் என் கணவர் இருந்தார். எங்களுக்கு நடுவில் யாருமில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரை இல்லை.

"கூப்பிடட்டுமா?" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், "அக்கா!" என்று நான் கத்திவிட்டேன். எங்கள் படியில் எல்லாரும் திரும்பினார்கள். அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரித்தாள். உடனே, நேற்றுத்தான் பிரிந்தவர்கள் போல, விரலை நீட்டி மைதானத்தைக் காட்டினாள். அங்கே கார்னர் அடிக்கப் போகிறார்கள், அதைப் பார் என்று. அவள் திரும்பிவிட்டாள்.

அந்தப் பெண் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையிலிருந்து கால்வரைக்கும். பிறகு அக்காவின் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு இன்னும் நெருக்கி உட்கார்ந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா?

"இங்கேயே இருங்கோ" என்று இவரிடம் சொல்லிவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினேன். முழங்கால்களை எல்லாம் தாண்டி, யார் யாரோ திட்டத் திட்ட, அந்த வரிசைக்குப் போய் நின்றேன்.

"கொறச்சு நீங்கியிரி, மோளே" என்று கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். "இது என்றே நாத்தூனாணு."